சக்கரங்கள் தரையில் நின்ற பிறகு

இந்தக் கூட்டத்தைத் தலைமையேற்று நடத்தும் பட்டறைத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, "நான் பேச மாட்டேன், சும்மா உட்கார்ந்திருப்பேன்" என்ற ஒப்பந்தத்தின் பேரில் மேடைக்கு வந்திருக்கும், அக்காவின் கணவரான என் மாமா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் மகளே, பழைய கார் கழகத்து நண்பர்களே, மூன்று முறை சோப்புப் போட்டும் நகக்கண்ணில் கிரீஸ் போகாமல் வந்திருக்கும் என் சக தொழிலாளர்களே, கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருக்கும் பல் டாக்டர் அவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

டாக்டரை ஏன் தனியாகக் குறிப்பிட்டேன் என்று சிலர் திரும்பிப் பார்க்கிறீர்கள். காரணம் இருக்கிறது. டாக்டர், நான் பேசி முடிக்கும் வரை நீங்கள் எழுந்து போகக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு இரங்கல் கூட்டம் நடத்த மண்டபம் பிடிக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். அவர் இருபத்தாறு வருடம் மல்லாந்து படுத்து வேலை செய்த இதே பட்டறையில், வண்டிகளைத் தூக்கும் இதே இரண்டாம் நம்பர் லிஃப்டின் மேல் அவர் படத்தை வைத்திருக்கிறோம். லிஃப்டைத் தரையோடு தரையாக இறக்கித்தான் வைத்திருக்கிறோம். உயரத் தூக்கினால் எல்லோருக்கும் படம் தெரியுமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அக்காவை அந்தரத்தில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

எனக்கு முன் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் அழகாகப் பேசினார்கள். ஐந்து பேரும் ஒரு விஷயத்தைத் தொட்டும் தொடாமலும் சொன்னார்கள். "ஒரே ஒரு தடவை தவிர அவர் கை தவறியதே இல்லை" என்றார் கழகச் செயலாளர். "ஒரு சறுக்கல் யாருக்குத்தான் இல்லை" என்று பெருந்தன்மையோடு சொன்னார் நம் தலைவர். அந்த ஒரே ஒரு தடவை எது? டாக்டரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மலைப்பாதைத் திருப்பத்தில் சுவரில் மோதியதே, அது.

பெரியோர்களே, அது அக்காவின் தவறு இல்லை. என் தவறு. இதைச் சொல்ல எனக்குப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது. இவ்வளவு தாமதமாகச் சொல்வதை அரைகுறையாகச் சொல்லக் கூடாது. முதலில் அக்கா யார் என்று சொல்கிறேன். அது தெரியாமல், அவர் மேல் நான் ஏற்றி வைத்த சுமை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது.

நான் எஞ்சின்காரன். அவர் சஸ்பென்ஷன்காரர். அதாவது, வண்டியை ஓட வைப்பது என் வேலை. ஓடுகிற வண்டியைச் சாலையில் பிடித்து நிறுத்துவது அவர் வேலை. ஸ்பிரிங், அது துள்ளாமல் அடக்கும் ஷாக்கர், சக்கரத்தை உடலோடு சேர்க்கும் கம்பிகள், அந்தக் கம்பிகளின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர்கள், எல்லாம் அவர் ராஜ்யம். பேருந்துப் பணிமனையில் பன்னிரண்டு வருடம் இதே வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தார். அவர் வந்த அன்று எனக்கு முப்பது வயது. பட்டறையின் நடுநாயகம் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

அன்று ஒரு வண்டி என்னிடம் மூன்று நாளாகக் கிடந்தது. வேகமெடுத்தால் ஆடுகிறது என்று புகார். நான் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினேன், சுருதி சேர்ப்பது போல உட்கார்ந்து கேட்டுக் கேட்டுச் சரிசெய்தேன். ஆட்டம் போகவில்லை. அக்கா சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு வந்தார். வண்டியின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்தி விட்டார். எழும்பி உட்கார்வதை எண்ணினார். முதல் மூன்று மூலைகளும் ஒரு தரம் எழும்பி அடங்கிவிட்டன. நான்காவது மூலை நாலு தரம் தலையாட்டியது.

"இடது முன்னாடி ஷாக்கர் போயிடுச்சு. தம்பி, எஞ்சின் மேல எதுக்குப் பழி போடுற? அது பாவம், ஒழுங்காத்தான் இருக்கு" என்றார்.

என் எஞ்சினுக்காக என்னிடமே பரிந்து பேசிய முதல் ஆள் அவர்தான். நான் அன்று மதியம் முழுவதும் அவரோடு பேசவில்லை.

அவரை ஏன் மூட்டை அக்கா என்று அழைத்தோம் என்பது கழகத்தாருக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்பது மிக இலகுவான வண்டி. ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தால் ஒரு பக்கம் இறங்கிவிடும். சக்கரங்களின் கோணத்தை நாம் அளப்பதோ ஆளில்லாத வண்டியில். எல்லா ஊர்ப் பட்டறைகளிலும் அப்படித்தான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "காலி வண்டி எந்த ரோட்டுல ஓடுது, சொல்லு பாப்போம்" என்று கேட்டார். மறுநாள் மணல் வாங்கி, ஒரு கிலோ, ஐந்து கிலோ, பத்து கிலோ என்று மூட்டை கட்டினார். வாடிக்கையாளரைத் தராசில் ஏற்றி எடை பார்த்து, அந்த எடைக்கு மூட்டைகளை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் அளவுகோலைக் கையில் எடுப்பார்.

இதனால் எத்தனை கலாட்டா? ஒரு பேக்கரி உரிமையாளர், தன் எடை எண்பத்திரண்டு என்று அடித்துச் சொன்னார். தராசு தொண்ணூற்றேழு என்றது. அக்கா முகத்தில் ஒரு சலனம் இல்லை. புத்தகத்தில் எழுதினார், மூட்டைகளை எடுத்து வைத்தார். ஒரு மாதம் கழித்து அந்த உரிமையாளரின் மனைவி வந்து, "எங்க வீட்டுக்காரர் என்ன வெயிட்டுங்க? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்று நைசாகக் கேட்டார். "அது அந்த வண்டியோட சமாச்சாரம்மா, நான் சொல்லக் கூடாது" என்று அனுப்பிவிட்டார். ஊரில் பாதிப் பேரின் எடை அக்காவுக்குத் தெரியும். ஒருவர் எடைகூட வெளியே வந்ததில்லை. என் எடையைத் தவிர. அதை மட்டும் என் மனைவியிடம் அவரே வலியப் போய்ச் சொன்னார்.

நானும் அவரும் எத்தனை சண்டை போட்டிருப்போம்! பவர் இல்லாத வண்டி ஒரு வண்டியா என்பேன் நான். "நீ ஓட வெச்சுட்டுப் போயிடுவ. வீட்டுக்குத் திரும்பி வர வைக்கிறது யாரு?" என்பார் அவர். கழகத்தார் ஒரு விழாவில் அவருக்குச் 'சாலைப்பிடிப்புச் செம்மல்' என்று பட்டம் கொடுத்துச் சால்வை போர்த்தினார்கள். சால்வையை வீட்டுக்குக் கொண்டுபோனார். பட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்டார்: "இதை ஜாக்கிக்கு முட்டுக் கொடுக்கலாமா தம்பி? தாங்குமா?"

அவர் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு மட்டும் உழைத்தாரா? இல்லை. மருத்துவமனை ஆம்புலன்ஸ் ஓட்டுநர் இங்கே வந்திருக்கிறார், அவரைக் கேளுங்கள். முதுகெலும்பு அடிபட்டவர்களை ஏற்றிப் போகும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் அவர்கள் கத்துகிறார்கள் என்று அவர் வந்து சொன்னார். அக்கா மூட்டைகளை எடுத்து ஸ்ட்ரெச்சரில் படுக்க வைப்பார் என்று நினைத்தேன். தானே ஏறிப் படுத்தார். "பெல்ட்டைப் போட்டுட்டு ஓட்டுங்க, எப்பவும் போற வழியிலேயே போங்க" என்றார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, வாசலில் வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே வண்டிக்கு அடியில் போனார். இரண்டு நாள் அந்த வண்டியை வேறு யாரையும் தொட விடவில்லை. மூன்றாம் நாள் மறுபடி அதே ஸ்ட்ரெச்சர், அதே பாதை. இந்தத் தடவை திரும்பி வரும்போது தூங்கிப்போயிருந்தார். ஓட்டுநர் பயந்துபோய்த் தட்டி எழுப்பினார். இப்படி ஒரு சோதனையை எந்தக் கருவி செய்யும்? எந்தக் கணினி செய்யும்?

இப்போது சிவப்புக் காருக்கு வருகிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன் டாக்டர் அந்தக் காரை இங்கே ஓட்டி வந்தார். இரண்டே இருக்கை. முப்பத்து நான்கு வயதான வண்டி. அழகு என்றால் அழகு, டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் கிளாஸோடு எழுந்து வந்து பார்த்தார்கள். டாக்டருக்கு வேண்டியது பெரிய எஞ்சின். எனக்கு வாயெல்லாம் பல். நான் காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "டாக்டர், ஒரு ரவுண்டு போயிட்டு வருவோமா?" என்றார்.

போய்விட்டு வந்தபோது டாக்டரின் நெற்றி வியர்த்திருந்தது.

"திருப்பத்துல இதோட பின்பக்கம் உங்க பேச்சைக் கேக்குதா?"

"இல்லைங்க. அது பாட்டுக்குப் போகுது."

"பெரிய எஞ்சின் போட்டா கேக்குமா?"

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பல்லு ஆடுதுன்னு உங்ககிட்ட ஒருத்தர் வர்றார். முதல்ல பல்லுக்குத் தங்கத்துல உறை போடுவீங்களா, ஈறைப் பாப்பீங்களா?"

"ஈறைத்தான் பாப்பேன்."

"இதுக்கும் ஈறுதான் போயிருக்கு டாக்டர்."

நான் என் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். டாக்டர் சிரிக்கிறார், அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

எட்டு வாரம் நடந்தது அந்த வேலை. முன்பு வைத்திருந்த யாரோ, வண்டி தாழ்வாக இருந்தால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று ஸ்பிரிங்குகளை ரம்பத்தால் அறுத்து வைத்திருந்தார். நான்கு டயரும் நான்கு காலத்தைச் சேர்ந்தவை. மூட்டுகளில் இருந்த ரப்பர் விரலால் தொட்டால் உதிர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம்தான். முதல் வாரம் டயர். அடுத்து ரப்பர்கள். பிறகு முன்பக்க ஸ்பிரிங்கும் ஷாக்கரும், ஒன்றுக்கு ஒன்று பொருத்தமாக. "ரெண்டை ஒண்ணா மாத்திட்டா, எது நல்லது பண்ணுச்சு, எது கெடுத்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?" என்பார். ஒவ்வொரு சனிக்கிழமையும் டாக்டர் வந்து, அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து சொல்ல வேண்டும். "வித்தியாசம் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. எனக்காக நல்லா இருக்குன்னு சொல்லிடாதீங்க" என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

ஏழாவது சனிக்கிழமை டாக்டர் திரும்பி வந்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். என்னவோ ஏதோ என்று ஓடினேன். "நான் நினைக்கிற இடத்துக்குப் போகுதுங்க" என்றார். "அவ்வளவுதான் டாக்டர் வேணும்" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார். எஞ்சினில் ஒரு திருகாணிகூட நான் தொடவில்லை. அதே எஞ்சின், அதே பவர். ஆனால் அந்த மனிதர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி, நான் எஞ்சின் மாற்றிக் கொடுத்த எந்த வாடிக்கையாளர் முகத்திலும் நான் பார்க்காதது. எனக்குப் பொறாமையாக இருந்தது. இதையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எட்டாவது வாரம் பின்பக்க ஸ்பிரிங் மட்டும் பாக்கி. அதை மாற்ற, பின்பக்க மூட்டுகளின் எட்டு போல்ட்டுகளையும் தளர்த்த வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் அக்கா ஸ்பிரிங்கை மாற்றி முடித்தார். போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி வைத்தார். வண்டி லிஃப்டில், உயரத்தில், சக்கரங்கள் தொங்கியபடி நின்றது. அன்று மதியம் மாமாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. கிளம்பும்போது என்னிடம் தெளிவாகச் சொன்னார்: "திங்கக்கிழமை வந்து இறக்கி, மூட்டை வெச்சு, நானே முறுக்கிக்கிறேன். யாரும் தொட வேண்டாம்."

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை கழகத்தின் மலைப்பாதை ஓட்டம். வண்டி கிடைக்குமா என்று கேட்டார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். எட்டு போல்ட்டுதானே பாக்கி? பட்டறைக்கு நான் இல்லையா? இதற்குப் போய் திங்கட்கிழமை வரை ஒரு மனிதரைக் காக்க வைப்பதா? லிஃப்டுக்குக் கீழே வசதியாக நின்றுகொண்டு, அளவு காட்டும் ஸ்பேனரை எடுத்து, புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு இம்மி பிசகாமல், எட்டு போல்ட்டையும் முறுக்கினேன். இருபது நிமிடம். டாக்டர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

பெரியோர்களே, இது ஒரு எஞ்சின்காரனால் மட்டுமே செய்யக்கூடிய தவறு. எஞ்சினில் ஒரு போல்ட்டை உரிய அளவுக்கு முறுக்கினால் போதும். எஞ்சின் சங்கிலியில் தொங்குகிறதா, மேசை மேல் இருக்கிறதா என்று போல்ட் கேட்காது. மூட்டு ரப்பர் அப்படி இல்லை. எந்த நிலையில் முறுக்குகிறோமோ அந்த நிலைதான் தனக்கு ஓய்வு என்று பிடித்துக்கொள்ளும். கையைத் தூக்கி வைத்துக்கொண்டு சட்டையைத் தைத்துப் பாருங்கள், கையை இறக்கியதும் அக்குளில் இழுக்கும். சக்கரங்கள் தொங்கும்போது நான் முறுக்கினேன். வண்டியை இறக்கியதும் எட்டு ரப்பரும் திமிறிக்கொண்டே இருந்தன. பின்பக்கம் இரண்டு விரல் உயரமாக நின்றது. நான் அதைப் பார்த்தேன். புது ஸ்பிரிங் அல்லவா, அமர்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழாவது திருப்பம். சாலையில் ஒரு சின்ன மேடு. எட்டு வாரம் உழைத்துச் சாதுவாக்கிய அந்த வண்டியின் பின்பக்கம் துள்ளி, சுழன்று, சுவரில் போய் மோதியது. டாக்டரின் வலது மணிக்கட்டு முறிந்தது. பல் டாக்டருக்கு வலது மணிக்கட்டு! ஐந்து மாதம் அவர் கருவியைத் தொடவில்லை. இன்றைக்கும் கடைவாய்ப் பல் எடுக்க வேண்டுமென்றால் உதவிக்கு ஆள் கூப்பிடுகிறார் என்று கேள்விப்படுகிறேன்.

திங்கட்கிழமை வண்டியை இழுத்து வந்தார்கள். அக்கா டார்ச்சோடு அடியில் போனார். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. "தம்பி, உள்ள வா" என்றார். பக்கத்தில் போய்ப் படுத்தேன். வெளிச்சத்தை ஒரு மூட்டின் மேல் காட்டினார். ரப்பர் முறுக்கிக்கொண்டு, ஓரத்தில் கிழிந்திருந்தது.

"எப்படி முறுக்கின?"

"அளவு பாத்துத்தான்க்கா முறுக்கினேன். கரெக்டா."

"வண்டி எங்க இருந்துச்சு?"

என் கண் மட்டும் லிஃப்டைப் பார்த்தது. அவர் டார்ச்சை அணைத்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை டாக்டர் கையில் மாவுக்கட்டோடு வந்தார். இதோ, இந்த இடத்தில்தான் நின்றார். கழகத்தார் நான்கைந்து பேர் கூட இருந்தார்கள். முதலாளி இருந்தார். "அடி வேலையை யார் பாத்தது?" என்று டாக்டர் கேட்டார். அவருக்கும் தெரியாதா, வெள்ளிக்கிழமை போல்ட்டை முறுக்கியது நான் என்று? தெரியும். ஆனால் எட்டு வார வேலைக்கு முன் எட்டு போல்ட் ஒரு பொருட்டா? அவர் கண் அக்காவைத்தான் தேடியது. நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை.

"அடி வேலை என்னுது டாக்டர். பொறுப்பும் என்னுது" என்றார் அக்கா.

அவ்வளவுதான் சொன்னார். டாக்டர் அவரை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சிவப்பு வண்டியைத் தன் வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோய் உறை போட்டு மூடினார். பதினோரு வருடமாக அது மூடியே கிடக்கிறது. கழகத்து வண்டிகள் இரண்டு வருடம் இந்தப் பக்கம் வரவில்லை. "மூட்டை அக்காவுக்கு வயசாயிடுச்சு, முன்ன மாதிரி இல்ல" என்று பேசிக்கொண்டார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. நான் ஏன் பேசவில்லை? முதலாளி வேலையை விட்டு நீக்கிவிடுவார், வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றெல்லாம் எனக்குள் நிறைய காரணம் சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது பயம். வேறு கௌரவமான பெயர் அதற்கு இல்லை.

அதற்குப் பிறகு அக்கா ஒரு வேலை செய்தார். அது உங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஏன் என்று தெரியாது. அடுத்து வந்த வண்டியை முடித்து, தரையில் இறக்கி, இருக்கையில் மூட்டைகளை வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார். ஸ்பேனரை நீட்டினார். "வா, கடைசி போல்ட்டை நீ முறுக்கு." எஞ்சின் வேலையைப் போட்டுவிட்டு வந்து குனிந்து முறுக்கினேன். அடுத்த வண்டிக்கும் அப்படியே. அதற்கு அடுத்ததற்கும் அப்படியே. பதினோரு வருடம், அக்கா கை பட்ட ஒவ்வொரு வண்டிக்கும் கடைசி முறுக்கு என் கையால்தான். நீங்கள் அதைச் சுற்றி நின்று கை தட்டினீர்கள். கழக இதழில் படம்கூடப் போட்டீர்கள், 'எஞ்சினும் சஸ்பென்ஷனும் கைகோத்த காட்சி' என்று. படத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலில் அதைத் தண்டனை என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் என்னைக் குத்திக்காட்டத்தான் கூப்பிடுகிறார் என்று உள்ளுக்குள் வெந்தேன். மூன்று வருடம் ஆயிற்று எனக்குப் புரிய. தவறு செய்த கையை அவர் தன் வேலையிலிருந்து ஒதுக்கி வைத்திருக்கலாம். யார்தான் ஒதுக்க மாட்டார்கள்? அவரோ, தன் பெயர் கெட்டுப்போன அதே இடத்தில், அதே கையை நம்பிக் கொடுத்தார். ஒரு நாள்கூட முறுக்கியதைச் சரிபார்க்கவில்லை. என்னைப் போன்ற ஒருவனை மனிதனாக்க வேறு எந்த வழி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் மருத்துவமனைக்குப் போனேன். பார்வையாளர் நேரம், நாலிலிருந்து ஐந்து. அக்காவின் இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். இதயம் என்றால் எஞ்சின். என் பிரிவு. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, "அக்கா, அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"எங்கிட்ட எதுக்குடா சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லு" என்றார். பிறகு, "கட்டில் இடது பக்கம் இறங்கியிருக்கு, பாரு" என்றார். குனிந்து பார்த்தேன். உண்மையில் இறங்கித்தான் இருந்தது. சக்கரத்துக்குக் கீழே ஒரு அட்டையை மடித்து வைத்தேன். அவரோடு சேர்ந்து நான் செய்த கடைசி வேலை அதுதான்.

போன வாரம் அக்காவின் மகள் அவருடைய வேலைப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம். தேதி, ஓட்டுபவரின் எடை, என்ன மாற்றினார், ஓட்டியவர் என்ன சொன்னார், எல்லாம் இருக்கிறது. பக்கத்தின் அடியில் 'கடைசி முறுக்கு' என்று போட்டு, யார் முறுக்கினார்களோ அவர்கள் பெயர். டயரில் ஆணி ஏறியதைக்கூடத் தேதி போட்டு எழுதும் பெண்மணி அவர். சிவப்புக் காரின் பக்கத்தைப் பிரித்தேன். எட்டு வாரமும் வரி வரியாக இருக்கிறது. டாக்டர் சொன்ன "நினைக்கிற இடத்துக்குப் போகுது" என்பதும் இருக்கிறது. கீழே 'கடைசி முறுக்கு' என்று எழுதியிருக்கிறது. அதற்கு எதிரே ஒன்றும் இல்லை. வெறும் இடம்.

ஊரறியப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர், அந்த வரியில் தன் பெயரை எழுதிக்கொள்ளவில்லை. என் பெயரையும் எழுதிவிடவில்லை. அந்த இடத்தை எனக்காகக் காலியாக வைத்திருந்தார். பதினோரு வருடம், தினமும் கையில் எடுக்கிற புத்தகத்தில்.

இன்று காலை இங்கே நாற்காலிகள் வருவதற்கு முன் அந்த இடத்தில் எழுதினேன்: 'எஞ்சின்காரன். சக்கரங்கள் தொங்கியபோது முறுக்கியது.' கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கழகச் செயலாளர் அவர்களே, உங்கள் இதழில் அடுத்த முறை போட வேண்டிய படம் அந்தப் பக்கம்தான். தலைவர் அவர்களே, 'ஒரு சறுக்கல்' என்றீர்களே, அதைக் கூட்டக் குறிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தலைவர் நேரமாகிவிட்டதென்று சீட்டு அனுப்பியிருக்கிறார். பதினோரு வருடம் தாமதித்தவன் இன்னும் இரண்டு நிமிடம் தாமதித்தால் மன்னிப்பீர்கள்.

டாக்டர், உங்கள் கை முறிந்தது என்னால். அக்காவால் இல்லை. நீங்கள் எழுந்து நிற்பது இங்கிருந்து தெரிகிறது. போவதற்கென்றால் போகலாம், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. நான் கேட்டுக்கொண்டதற்காக உட்கார வேண்டியதில்லை.

உட்கார்ந்துவிட்டார். நன்றி டாக்டர்.

மற்றவர்கள் எல்லோரும் அக்காவின் வழியில் நடப்போம் என்று உறுதி சொன்னார்கள். நான் எஞ்சின்காரன், பெரிய உறுதியெல்லாம் எனக்குச் சொல்ல வராது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தப் பட்டறையில் நான் இருக்கும் வரை எந்த வண்டியின் கடைசி போல்ட்டும் வண்டி தொங்கும்போது முறுக்கப்படாது. எந்த வண்டியும் காலி வண்டியாக அளக்கப்படாது. யார் எவ்வளவு கனம் என்பதும் வெளியே போகாது.

அக்காவின் மூட்டைகள் பின்னால் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. டாக்டர் மன்னிக்க வேண்டும், இந்த ஒரு எடையை மட்டும் சொல்லியாக வேண்டும். அதில் ஒரு கட்டின் மேல் சீட்டு கட்டியிருக்கிறது: 'டாக்டர், சிவப்பு வண்டி, எழுபத்தொன்று.' எத்தனையோ வண்டி வந்து போயிற்று, மணல் பற்றாத நாட்களும் இருந்தன. அந்தக் கட்டை மட்டும் அவர் பிரிக்கவே இல்லை. நீங்கள் திரும்ப வருவீர்கள் என்று நினைத்திருக்கிறார்.

டாக்டர், அந்த உறையை எடுங்கள். வண்டியைக் கொண்டு வாருங்கள். மேடையிலிருந்து பார்க்கும்போது எழுபத்தொன்று இப்போது போதாது என்று தோன்றுகிறது. தராசு அதே இடத்தில்தான் இருக்கிறது, ஏறி நில்லுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன். மோதி நசுங்கியதை நிமிர்த்துவோம். புது ரப்பர் போடுவோம். வண்டியைத் தரையில் இறக்குவோம். மூட்டைகளை உங்கள் இருக்கையில் உட்கார வைப்போம். பிறகு நான் குனிந்து அந்த எட்டு போல்ட்டையும் முறுக்குகிறேன். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். ஏழாவது திருப்பத்துக்கு முதல் தடவை போகும்போது நான் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறேன்.

திரும்பி வந்ததும், நன்றாக இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். அக்காவுக்காக நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதை அப்படியே அந்தப் பக்கத்தில் அடுத்த வரியாக எழுதுகிறேன்.

வணக்கம்.